அந்தத் தாள் பிரேக் பிடிக்குமா?

(மூன்றாமாண்டு, இயற்பியல்)

எங்கள் வீட்டு வாசலில் நான்கு மாத காலம் ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. நீலத் தார்ப்பாயைப் போர்த்தி, காற்றில் பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் செங்கல் வைத்திருந்தோம். தெருவோடு போகிறவர்கள் நின்று, “ஏனுங்க, வண்டி ஓடாதுங்களா?” என்று கேட்பார்கள். “ஓடும். ஓட்டத்தான் கூடாது” என்பார் அப்பா. கேட்டவர்களுக்கு ஒன்றும் புரியாது. எனக்கே அது புரிய நான்கு மாதம் ஆயிற்று. புரிந்த கதையைத்தான் இந்த ஆண்டு மலரில் எழுதலாம் என்று எண்ணினேன். இதில் நான் செய்த தவறு ஒன்றும் வருகிறது. படிக்கும் பேராசிரியர்கள் பொறுத்தருள வேண்டும்.

என் தந்தை பிறந்தது 1975-ஆம் ஆண்டு. இரண்டு வயதில் மூன்று நாள் காய்ச்சல். காய்ச்சல் விட்டபோது இரு கால்களும் துவண்டுவிட்டன. இளம்பிள்ளை வாதம்! சொட்டு மருந்து எங்கள் கிராமத்துக்கு வந்து சேராத காலம் அது. 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்து ஹௌராவில் ஒரு குழந்தைக்கு வந்ததுதான், இயற்கைப் போலியோக் கிருமியால் நம் நாட்டில் நேர்ந்த கடைசிப் பாதிப்பு. 2014 மார்ச் 27-இல் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றும் அளித்தது. நோய் போய்விட்டது. நோய் தொட்டுவிட்டுப் போனவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கிணற்று மோட்டார், கிரைண்டர், மிக்சி எதுவானாலும் அவர் கைக்கு அடங்கும். கால்களுக்குக் காலிப்பர், கக்கத்தில் ஊன்றுகோல், வெளியே போக இருபக்கமும் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். அந்த ஸ்கூட்டரில்தான் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். இந்தக் கல்லூரியின் கலந்தாய்வுக்கும் அதில்தான் அழைத்து வந்தார்.

இரண்டாண்டுக்கு முன் ஐப்பசி மழையில் ஒரு நாள் கடையிலிருந்து திரும்பும்போது, முந்திச் சென்ற பேருந்துக்கு ஒதுங்கியிருக்கிறார். பக்கச் சக்கரம் தார்ச்சாலையின் விளிம்பிலிருந்து இறங்கிவிட்டது. வண்டி சாய, அப்பா கீழே விழுந்துவிட்டார். பெரிய காயம் இல்லை. ஆனால் எழ முடியவில்லை. ஊன்றுகோல் எட்டாத தூரத்தில் கிடக்க, ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் தூக்கிவிடும்வரை மழையிலேயே கிடந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. மறு வாரமே தம் சீட்டுப் பணத்தை எடுத்துவிட்டார்கள். மாமாவுக்குத் தெரிந்தவரிடம் கிளட்ச் இல்லாத, ஆட்டோமேட்டிக் கியர் வைத்த பழைய சிறிய கார் ஒன்று விலைக்கு வந்தது. அதை வாங்கினோம்.

கார் வந்தது. ஆனால் காரை ஓட்டக் கால் வேண்டுமே! கைக்கு நெம்புகோல் வைத்துக் கொடுக்கும் பட்டறை ஒன்றை மாமா விசாரித்துச் சொன்னார். அங்கே கொண்டுபோனோம். ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம் ஒரு நீண்ட கம்பி. அதை முன்னே தள்ளினால் பிரேக். கீழே அழுத்தினால் ஆக்சிலேட்டர். வலக்கையால் ஸ்டீயரிங்கைத் திருப்ப அதன்மேல் ஒரு குமிழ். நெம்புகோல் தத்துவத்தை நாம் வகுப்பில் படிக்கிறோம். விசைக்கரம் நீண்டால் குறைந்த விசையால் அதிகப் பளுவை நகர்த்தலாம் என்று தேர்வில் எழுதுகிறோம். அந்தச் சூத்திரம் என் தந்தையின் இடக்கையில் வந்து உட்கார்ந்ததை அன்றுதான் கண்டேன். பட்டறை வளாகத்துக்குள்ளேயே வண்டியைப் பத்தடி நகர்த்தி நிறுத்தினார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அத்தோடு கதை முடிந்தது என்று எண்ணினோம். உண்மையில் அன்றுதான் அது தொடங்கியது.

வண்டியை நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி ஒரு வண்டியை உரிமையாளர் மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொன்னது. மீறினால் என்ன ஆகும்? 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சேர்த்த 182-அ பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

“ஒரு கம்பிக்கு இவ்வளவா?” என்று அம்மா கேட்டார்கள். எனக்கும் அதே கேள்விதான். பிறகு படித்துப் பார்த்ததில் காரணம் விளங்கியது. ஒரு மாதிரி வண்டி சந்தைக்கு வருமுன் அதைப் புனேயிலோ, மானேசரிலோ, நம் சென்னைக்கு அருகே ஒரகடத்திலோ உள்ள சோதனை நிலையத்தில் சோதித்துச் சான்று பெற வேண்டும். பிரேக் எத்தனை தூரத்தில் நிறுத்துகிறது, விளக்கு எங்கே ஒளி வீசுகிறது, மோதினால் எந்தப் பாகம் நசுங்குகிறது என்றெல்லாம் அங்கே பார்க்கிறார்கள். நசுங்குவதற்கென்றே செய்யப்பட்ட பாகங்கள் உண்டு. மோதலின் ஆற்றலை அவை வாங்கிக்கொண்டு உள்ளே இருப்பவரைக் காக்கின்றன. நாமோ அழகுக்காக முன்னால் ஓர் இரும்புக் கம்பியை மாட்டுகிறோம். அந்த ஆற்றல் நசுங்கும் பாகத்தைத் தாண்டி நேராகச் சட்டத்துக்குப் போய்விடுகிறது. எதிரே நடந்து வருகிறவர்மேல் பட்டால் அவர் கதி என்ன? அதனால்தான் 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், இத்தகைய முன்கம்பிகள்மேல் நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. பதிவுச் சான்று என்பது வெறும் அடையாள அட்டை அன்று. ‘சோதித்துப் பார்த்த வண்டி இதுதான்’ என்ற வாக்குறுதி.

அப்படியானால் அப்பாவைப் போன்றவர்களுக்கு வழியே இல்லையா? உண்டு. அந்த 2019-ஆம் ஆண்டுத் திருத்தமே 52-ஆம் பிரிவில் ஒரு கதவைத் திறந்து வைத்தது. உடற்குறை உள்ளவருக்காக வண்டியைத் தகவமைத்துக் கொள்ளலாம். மாற்றிய பின்னர்ப் பதிவு அதிகாரியின் ஒப்புதலைப் பெறலாம். விதித்த நிபந்தனைகளுக்கு அது உட்பட்டிருக்க வேண்டும். ஒப்புதல் இன்றிச் செய்த மாற்றத்தைப் பதினான்கு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும் அந்தப் பிரிவிலேயே உள்ளது. அதுவரை சட்டத்தில் இத்தகைய வண்டிக்குப் பெயர் ‘இன்வாலிட் கேரேஜ்’. அப்பா தம் பழைய ஓட்டுநர் உரிமத்தைக் காட்டிச் சொல்வார்: “பாரு கண்ணு, இங்கிலீஷ்காரன் நோயாளிக்கும் செல்லாத நோட்டுக்கும் ஒரே எழுத்துத்தான் வச்சிருக்கான். இத்தனை நாள் நான் செல்லாத வண்டிதான் ஓட்டினேன்!” இப்போது அதன் பெயர் ‘தகவமைத்த வாகனம்’. பெயர் மாறியதில் அப்பாவுக்குத் தனி மகிழ்ச்சி.

விண்ணப்பம், பதிவுச் சான்று, காப்பீடு, மாற்றுத்திறனாளி அட்டை, பட்டறை ரசீது, உள்ளும் புறமும் எடுத்த புகைப்படங்கள் எல்லாம் சேர்த்துக்கொண்டு போனோம். அலுவலகம் மாடியில். மாடிக்குப் படிகள் மட்டுந்தான். அப்பா கீழே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கையெழுத்து வாங்க நான் ஐந்து முறை படியேறி இறங்கினேன். மாற்றுத்திறனாளிகளின் வண்டியைச் சோதிக்க விதி வைத்தவர்கள், அந்த மாற்றுத்திறனாளி எப்படி மேலே வருவார் என்று யோசிக்கவில்லையே! இதைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை நேர்மையாக இராது.

மோட்டார் வாகன ஆய்வாளர் இறங்கி வந்தார். நம் ஊரில் அவரைப் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதானே சொல்வோம்! அந்தப் பெயருக்கு ஏற்ப முதலில் பிரேக்கைத்தான் பிடித்தார். எஞ்சினை ஓடவிட்டு அப்பாவை நெம்புகோலைத் தள்ளச் சொன்னார். சுலபமாக நகர்ந்தது. “இப்ப எஞ்சினை அணைச்சிடுங்க ஐயா. நாலஞ்சு தடவை தள்ளுங்க” என்றார். மூன்றாம் முறை பிரேக் கல்லாக இறுகியது. நான்காம் முறை அப்பா முழுப் பலத்தோடு தள்ளினார். மிதி நகரவில்லை. கம்பிதான் நடுவே வில்லாக வளைந்தது.

ஆய்வாளர் குனிந்து விளக்கடித்துப் பார்த்தார். “ஐயா, மூணு குறை இருக்குது. இந்தக் கம்பியும் மிதியும் சேருற இடத்துல வெறும் வெல்டிங்தான் பிடிச்சிருக்குது, கம்பியும் மெல்லிசு. ரெண்டாவது, பதற்றத்துல முன்னால தள்ளும்போது கை கீழயும் அழுத்தும். பிரேக்கும் ஆக்சிலேட்டரும் ஒரே நேரத்துல வேலை செஞ்சிடும். மூணாவது, உங்க கால் வழுக்கி மிதிக்கு அடியில போயிட்டா பிரேக் இறங்காது. தடுப்புத் தகடு வேணும். சரி பண்ணிட்டு வாங்க” என்றார். தாளில் எழுதியும் கொடுத்தார்.

திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை. மாமாதான் ஓட்டினார். “எல்லாம் காசுக்குத்தான்” என்றார் கடைசியில். அம்மாவும் அதையே நம்பினார்கள். நானும் நம்பினேன். இருபதாயிரத்துக்குமேல் செலவழித்துப் பொருத்தியதைக் குறை சொல்ல ஐந்தே நிமிடம் எடுத்துக்கொண்ட மனிதரை நான் மனத்துக்குள் எத்தனையோ திட்டினேன். காருக்குத் தார்ப்பாய் போர்த்தியது அன்று மாலைதான்.

இனி என் தவறு. அலுவலக வாசலில் தேநீர்க் கடைக்குப் பக்கத்தில் ஒரு புரோக்கர் மேசை போட்டிருந்தார். எல்லாவற்றையும் முடித்துத் தருவதாகச் சொன்னார். நாலாயிரம் ரூபாய். என் உதவித்தொகை வங்கிக் கணக்கில் இருந்தது. அப்பாவிடம் சொல்லாமல், ஒரு நாள் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுப் போய்க் கொடுத்துவிட்டேன். “வண்டியை என்னைக்குக் கொண்டு வரணுங்கண்ணா?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “வண்டி எதுக்கும்மா? தாள் மட்டும் போதும்” என்றார்.

பேருந்தில் வரும் வழியெல்லாம் அந்தச் சொல் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. வண்டி எதுக்கு? எதற்காக இத்தனை விதியோ அந்த வண்டியே வேண்டாமாம்! வீட்டுக்கு வந்ததும் மனம் கேட்கவில்லை. அப்பாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கையிலிருந்த காயில் கம்பியை முழுதும் சுற்றி முடித்து, நுனியை முடிந்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்:

“அந்தத் தாள் பிரேக் பிடிக்குமா கண்ணு?”

நான் தலை குனிந்தேன்.

“நான் கட்டிக் குடுக்குற மோட்டார்ல ஒரு சுத்து ஷார்ட் ஆனா ஸ்விட்சு போடுறவனுக்குத்தான் அடிக்கும். எனக்கு அடிக்காது. அதனாலதான் மெகர் வச்சுப் பார்க்காம ஒரு மோட்டாரைக்கூடக் கடையை விட்டு அனுப்புறதில்லை. அந்த இன்ஸ்பெக்டரும் அதைத்தானே செஞ்சாரு? காசு கேக்குறவரா இருந்தா மூணு குறையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பாரா?” என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. புரோக்கரிடம் மறுநாள் போய்ப் பணத்தைத் திரும்பக் கேட்டேன். ‘அலைச்சலுக்கு’ என்று ஐந்நூறு ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். எங்கே அலைந்தார் என்று நான் கேட்கவில்லை. மூன்றாண்டுக் கல்லூரிப் படிப்பில் நான் கட்டிய கட்டணங்களிலேயே அதிகம் கற்றுக்கொடுத்தது அந்த ஐந்நூறுதான்!

மீண்டும் பட்டறைக்குப் போனோம். பட்டறை அண்ணன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “பத்துப் பதினைந்து வண்டிக்கு இப்படித்தானுங்க போட்டிருக்கேன். ஒண்ணும் ஆனதில்லை” என்றார். அப்பா ஆய்வாளர் எழுதிய தாளைக் காட்டி, “அந்தக் கம்பியை மட்டும் கழற்றிக் கையில குடுங்க, பார்க்கலாம்” என்றார். கழற்றினார்கள். வெல்டிங் வைத்த இடத்தை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார் அப்பா. தலைமயிர் போல ஒரு கோடு. அதில் விரிசல் பாதிச் சுற்றுக்கு ஓடியிருந்தது. அன்று அலுவலகத்தில் தள்ளியபோது விழுந்ததோ, அதற்கும் முன்னரே இருந்ததோ! கம்பியைப் பட்டறை மேசை விளிம்பில் வைத்து அழுத்தினார். ‘டக்’கென்று இரண்டாகப் போயிற்று.

யாரும் பேசவில்லை. அதே கம்பியை நம்பி, என்னையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு, கொல்லிமலை அடிவாரத்துக் குலதெய்வக் கோயிலுக்கு முதல் பயணம் போவதாக அப்பா திட்டம் வைத்திருந்தார். இறக்கம் ஒன்றில் அது உடைந்திருந்தால்? புரோக்கரின் தாள் அப்போது காருக்குள், முகப்புப் பெட்டியில், முத்திரையோடு பத்திரமாக இருந்திருக்கும்.

பட்டறை அண்ணன் வெகு நேரம் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “மத்த வண்டிக்காரங்க நம்பரெல்லாம் இருக்குது. கூப்பிட்டு வரச் சொல்லிடறேன்” என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவர்மேல் எனக்கிருந்த கோபம் எல்லாம் தீர்ந்தது. புது அமைப்பைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். தடித்த கம்பி. மிதியோடு சேருமிடத்தில் கடைந்த கவ்வி, இரண்டு போல்ட், நட்டு கழலாமல் இருக்கப் பூட்டு வாஷர். முன்னே தள்ளினால் பிரேக், தம் பக்கம் இழுத்தால் ஆக்சிலேட்டர்; ஒரே கை ஒரே நேரத்தில் தள்ளவும் இழுக்கவும் முடியாதல்லவா? மிதிகளுக்கு முன்னால் தடுப்புத் தகடு. மாமா ஓட்டும் நாளில் கழற்றி வைக்க அதற்கு இரண்டு பூட்டாணி. கூலியாகப் பாதிதான் வாங்கிக்கொண்டார்.

இரண்டாம் முறை போனபோது அதே ஆய்வாளர். எஞ்சினை அணைத்துத் தள்ளச் சொன்னார். கம்பி அசையவில்லை; மிதி இறங்கியது. பிறகு அவரே ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, இரு கால்களையும் பின்னுக்கு மடக்கிக்கொண்டு, கையாலேயே வளாகத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார். முதல் திருப்பத்தில் கொஞ்சம் தடுமாறினார். இறங்கி வந்து, “கஷ்டமான வேலைதானுங்க ஐயா” என்று மட்டும் சொல்லிக் கையெழுத்திட்டார். அப்பா கடைப் பையிலிருந்து உடைந்த கம்பித் துண்டை எடுத்து அவரிடம் காட்டினார். அவர் அதை வாங்கி, விரிசலை விரலால் தடவிப் பார்த்து, “இதை நான் வச்சுக்கலாங்களா? அடுத்து வர்றவங்களுக்குக் காட்டணும்” என்று கேட்டார். எத்தனை பேர் தம்மை எப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு போகிறார்கள் என்று அவருக்கும் தெரிந்திருக்கும்!

அதன்பின் வேலைகள் வரிசையாக நடந்தன. பதிவுச் சான்றில் ‘தகவமைத்த வாகனம்’ என்ற குறிப்பு ஏறியது. காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்தோம். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி, விபத்து நேர்ந்தால் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. மருத்துவர் சான்று, பழகுநர் உரிமம், ஓட்டிக் காட்டும் தேர்வு எல்லாம் முடிந்து உரிமம் அஞ்சலில் வந்தது.

நீலத் தார்ப்பாயை எடுத்த நாள் என் ஐந்தாம் பருவத் தேர்வின் முதல் நாளாக அமைந்தது. அப்பாதான் கொண்டுவந்து விட்டார். வழியில் அவர் ஸ்கூட்டரோடு விழுந்த இடத்தைக் கடந்தோம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இடக்கையால் நெம்புகோலை லேசாகத் தள்ளி வேகத்தைக் குறைத்து, அந்த இடத்தைக் கடந்ததும் இழுத்துக்கொண்டார். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

நண்பர்களே! நம் கல்லூரி வாகன நிறுத்தத்தில் சைலன்சரை மாற்றிய வண்டிகளையும், எண் பலகையை மடக்கி வைத்த வண்டிகளையும், கண்ணாடியே இல்லாத வண்டிகளையும் நான் தினமும் பார்க்கிறேன். ஓசைக்காகவும் ஒயிலுக்காகவும் செய்தவை அவை. ஒப்புதல் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு மனிதர் பிறர் உதவியின்றி வெளியே போக வேண்டும் என்பதற்காகப் பொருத்திய ஒரு கம்பிக்கு, நான்கு மாதம் காத்திருந்து, இருமுறை சோதனைக்கு நின்றார். அவர் சலித்துக்கொள்ளவில்லை.

அரசுக்கும் ஒரு சொல். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, வண்டிகளைத் தகவமைப்பதற்குத் திட்டம் வகுக்கும்படி அரசுகளைப் பணிக்கிறது. பொருத்துகிற பட்டறைக்காரருக்குப் பயிற்சியும், எப்படிப் பொருத்த வேண்டும் என்று எளிய தமிழில் ஒரு கையேடும், அலுவலகத்தின் வாசலில் ஒரு சாய்தளமும் இருந்தால் எங்கள் நான்கு மாதம் நான்கு வாரமாகியிருக்கும். சோதனையை மட்டும் குறைக்க வேண்டாம். அந்த ‘டக்’ என்ற ஓசையைக் கேட்டவள் சொல்கிறேன்.

தைப் பொங்கல் விடுமுறையில் குலதெய்வக் கோயிலுக்குப் போய்வந்தோம். இறக்கத்தில் அம்மா கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் மூடவில்லை. அப்பாவின் இடக்கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.